பாயூக் கரையில் ஒரு மீனவ ஊர்: கோல்டன் மெடோவின் வரலாறும் மொழியும்

மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவோடு கலக்கும் லூசியானா மாநிலத்துக் கழிமுக நிலத்தில் நாள்தோறும் வழங்கும் சொல் 'பாயூ'. பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துள் நுழைந்த இச்சொல்லின் மூலம் பிரெஞ்சன்று. அப்பகுதித் தொல்குடியினரான சாக்டா மக்கள் சிற்றாற்றைக் குறிக்க வழங்கிய 'பாயுக்' என்பதே அதன் மூலம். தமிழில் இதனைக் கழி என்றோ ஓடை என்றோ பெயர்க்கத் தோன்றும். ஆயினும் நெய்தல் நிலத்துக் கழி கடல் உள்ளேறி உண்டாக்கும் உவர்நீர்ப் பரப்பு. லூசியானாவின் பெரிய பாயூக்கள் பலவும் ஆறு கைவிட்டுச் சென்ற பழைய போக்குகள். ஆறு ஓடிய காலத்தில் படியவிட்ட வண்டலால் அவற்றின் கரைகளே சுற்றுப்புறத்தில் மேடானவை. கரையை விட்டு விலக விலக நிலம் தாழ்ந்து சதுப்பாகிவிடும். ஆற்றங்கரை மேடும் அதன் பின்புறம் பள்ளமுமான இந்நில அமைப்பையும் சேர்த்தே 'பாயூ' என்னும் சொல் உணர்த்துவதால், மொழிபெயர்ப்பாளர் அதனை அப்படியே ஆளுவது தகும்.

இத்தகைய பாயூக்களுள் ஒன்று லஃபூர்ஷ். டொனால்ட்சன்வில் என்னும் ஊரில் மிசிசிப்பியிலிருந்து பிரிந்து, ஏறத்தாழ 170 கி.மீ. ஓடிக் கடலை அடைவது. 'லஃபூர்ஷ்' என்பது பிரெஞ்சில் கவையைக் குறிக்கும். சித்திமாச்சா மக்களின் கவையாறு என்று தொடக்கக் காலப் பிரெஞ்சுக்காரர் இதனை அழைத்தனர். இதன் கரையில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டவாறு நீண்டு கிடப்பதால், உலகின் மிக நீண்ட தெரு இதுவே என்று அப்பகுதியினர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அத்தெருவின் கீழ்க்கோடியில் இருப்பது கோல்டன் மெடோ. பொன்னிறப் புல்வெளி என்பது பெயரின் பொருள். முற்காலத்தில் அங்கு மண்டியிருந்த மஞ்சள் பூச்செடியால் வந்த பெயர் என்பர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 1,761 பேர். இறால் பிடிப்பாலும் எண்ணெயாலும் அறியப்பட்ட இச்சிற்றூர், லூசியானா பிரெஞ்சு எவ்வாறு நிலைத்தது, எவ்வாறு தளர்ந்தது என்பதற்கு ஓர் உரைகல்லாக அமைகிறது. 'பள்ளிக்கூடம் அம்மொழியைக் கொன்றது' என்னும் பரவலான கருத்தை இவ்வூரின் வரலாறு முழுமையாக ஏற்பதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

லஃபூர்ஷ் கரையில் பிரெஞ்சு பேசுவோர் பெருந்தொகையாகக் குடியேறியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். வட அமெரிக்காவின் அகேடியாவிலிருந்து 1755 முதல் ஆங்கிலேயரால் வெளியேற்றப்பட்ட மக்களுள் ஏறத்தாழ 1,600 பேர், பிரான்சில் பல்லாண்டுகள் ஏதிலிகளாகத் தங்கியபின், 1785இல் ஏழு கப்பல்களில் அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த லூசியானாவுக்கு வந்தனர். அவர்களுள் பலர் இப்பாயூவின் மேற்பகுதியில் நிலம் பெற்றனர். கனேரித் தீவுகளிலிருந்து வந்த ஸ்பானியரும் அங்கு முன்னரே குடியமர்த்தப்பட்டிருந்தனர். காலப்போக்கில் அவர்களுள் பலரும் பிரெஞ்சு பேசுவோராயினர்.

நிலம் பங்கிடப்பட்ட முறை மொழி வரலாற்றுக்கு மிக முதன்மையானது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாயூவை முகப்பாகக் கொண்டு, பின்புறச் சதுப்புவரை நீளும் ஒடுங்கிய நாடா போன்ற நிலம் தரப்பட்டது. பிரெஞ்சு, ஸ்பானிய வழக்குப்படி பிள்ளைகள் அனைவருக்கும் சொத்தில் பங்கு உண்டு. நீர்முகப்பு இல்லாத நிலத்தால் பயனில்லை என்பதால், பாகம் பிரிக்கும்போதெல்லாம் நிலம் நீளவாக்கிலேயே கீறப்பட்டது. மூன்று தலைமுறை கழிந்தபின் அண்டை வீட்டார் பெரும்பாலும் அண்ணன் தம்பி, சிற்றப்பன் மக்கள், அவர்தம் சம்பந்திகள். பங்காளி வீடுகள் ஒரே வரிசையில் அமைந்த நம் ஊர்த் தெருக்களை அறிந்தோர்க்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. வீட்டு மொழியும் தெரு மொழியும் அங்கு ஒன்றாகவே இருந்தன.

பாயூவின் கீழ்ப்பகுதிச் சதுப்புகளில் ஹூமா என்னும் தொல்குடியினரும் வாழ்ந்தனர். மிசிசிப்பிக் கரையில் வாழ்ந்த இவர்கள் படிப்படியாகத் தெற்கே நகர்ந்து, வேளாண்மைக்கு உதவாத கடலோரத்தில் ஒதுங்கியவர்கள். இவர்களுடைய பழைய மொழி சாக்டாவோடு உறவுடையது. மானிடவியலாளர் ஜான் சுவாண்டன் 1907இல் இவர்களிடையே சென்றபோது, ஒரு முதிய பெண்ணிடமிருந்து சிறு சொற்பட்டியல் ஒன்றையே திரட்ட முடிந்தது. அதற்கு முன்னரே ஹூமா மக்கள் பிரெஞ்சுக்கு மாறிவிட்டிருந்தனர். ஒருமுறை மொழி மாறிய மக்கள் தாம் ஏற்ற மொழியை அடுத்துவந்த நூற்றாண்டில் மற்றெவரையும்விட நீண்டகாலம் பேணினர். இதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

கோல்டன் மெடோ இன்றைய வடிவில் ஊரானதற்குக் காரணம் புயல். கடலோரத்தில் 'ஷெனியேர் கமினாடா' என்றொரு மீனவ ஊர் இருந்தது. 'ஷெனியேர்' என்பது கருவாலி மரங்கள் நிற்கும் மணல்மேடு. கேட் ஷொபேன் 1899இல் வெளியிட்ட 'த அவேக்கனிங்' நாவலில் இவ்வூர் இடம்பெறுகிறது. நாவல் வெளியானபோது அவ்வூர் ஏறக்குறைய இல்லை. 1893 அக்டோபர் 1ஆம் நாள் இரவு வீசிய புயலில், அங்கு வாழ்ந்த சுமார் 1,500 பேருள் பாதியளவினர் இறந்தனர். கடற்கரை முழுவதிலும் இறந்தோர் தொகை 2,000 அளவில் மதிப்பிடப்படுகிறது. எஞ்சியோர் படகேறிப் பாயூவின் வழியே மேலே சென்று, லீ என்பவருடைய ஆரஞ்சுத் தோப்பு நிலத்தில் மனைகள் வாங்கிக் குடியேறினர். அதுவே லீவில். 1909இலும் 1915இலும் வந்த புயல்கள் லீவிலையும் அழித்தன. மீண்டும் படகேறி மேலே சென்றவர்கள் கோல்டன் மெடோவில் தங்கினர். ஊரின் முன்னோர் ஒரு தலைமுறைக்குள் இருமுறை இடம்பெயர்ந்தவர்கள்.

இவ்விடப்பெயர்வு மொழியிலும் பதிந்துள்ளது. இங்கு வடக்கு, தெற்கு என்பவற்றைவிட மிகுதியாக வழங்குவன 'ஆன் ஓ து பாயூ', 'ஆன் பா து பாயூ', அதாவது பாயூவின் மேலே, பாயூவின் கீழே என்பன. ஆங்கிலத்துக்கு மாறிய இளையோரும் அவ்வாறே மொழிபெயர்த்து வழங்குகின்றனர். ஒருவர் எவ்வளவு 'கீழே' வாழ்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய தொழில், வறுமை, பேச்சுவழக்கு ஆகியவற்றை மேலே வாழ்வோர் ஊகிப்பதும் உண்டு.

இறால் பிடிப்பு தொடக்கத்தில் கூட்டுத்தொழில். நீண்ட கரைவலையை இழுக்கப் பத்துப் பதினைந்து ஆள் தேவைப்பட்டது. பிடித்த இறாலை அவித்து, நீரின்மேல் கால்நாட்டிக் கட்டிய பலகை மேடைகளில் உலர்த்தினர். அண்டையிலுள்ள பராட்டாரியா விரிகுடாவில் இத்தொழிலை வளர்த்தவர்கள் சீனரும் பிலிப்பினோக்களும். உலர்ந்த இறாலை மிதித்து ஓடு நீக்குவது 'இறால் நடனம்' எனப்பட்டது. முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் பலகை கட்டிய இழுவலை வந்தபின் நிலைமை மாறியது. இயந்திரப் படகில் தந்தையும் மகனும், சில இடங்களில் கணவனும் மனைவியும், போதும் என்றாயிற்று. கூட்டுத்தொழில் குடும்பத்தொழில் ஆனது. மொழி நோக்கில் இம்மாற்றத்துக்குப் போதிய கவனம் தரப்படவில்லை. குடும்பத்தில் பேசும் மொழியே தொழில் மொழியாகவும் அமைவதற்கு இரண்டு பேர் படகைவிட உறுதியான இடம் வேறில்லை. 1854இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் 'பெத்தி கப்பொரால்' என்னும் படகொன்று கோல்டன் மெடோவின் சாலையோரத்தில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது. நெப்போலியனின் செல்லப்பெயரைத் தாங்கிய அப்படகு ஊரார் எதைத் தம் வரலாறாகக் கருதினர் என்பதைக் காட்டும்.

கடலும் படகும் இம்மக்களின் பொதுச் சொல்வளத்திலேயே ஊறியுள்ளன. கப்பலைக் கயிற்றால் பிணிப்பதைக் குறிக்கும் 'அமரே' என்னும் வினை இங்கே காலணி நாடாவைக் கட்டவும் பயன்படும். காரில் ஏறுவது 'ஆம்பார்க்கே', இறங்குவது 'தெபார்க்கே'. இரண்டும் மரக்கலத்துக்குரிய வினைகள். இவ்வழக்குகளுள் பல கடல்கடந்து வந்த அகேடியருக்கும் கனடாப் பிரெஞ்சுக்காரருக்கும் பொதுவானவை. எனினும் லஃபூர்ஷ் கரையில் இவை உருவகமாகத் தேய்ந்துவிடாமல் நேர்ப்பொருளோடு அருகருகே வாழ்ந்தன. இப்பகுதி ஆங்கிலத்திலும் காரிலிருந்து 'கீழே இறங்கு' என்றே சொல்வர். மற்ற அமெரிக்கர்க்கு விந்தையாகப் படும் இத்தொடர் தமிழ்க் காதுக்கு இயல்பானது.

உயிரினப் பெயர்களில் தொல்குடியினரின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. 'ஷுப்பிக்' என்னும் மீன்பெயர் சாக்டாவிலிருந்து வந்தது. 'சாக்கலே' என்னும் நன்னீர் மீனின் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் 'பால்பை' என்று பொருள்படும். மீனின் வெண்சதையைக் காரணம் காட்டி விளக்கம் கூறுவோரும் உண்டு. உண்மையில் அது 'சக்லி' என்னும் சாக்டாச் சொல். பொருள் விளங்காத அயற்சொல்லைத் தம் மொழிச்சொல்லாகக் கேட்டு மக்கள் அமைத்துக்கொண்ட வடிவம் இது. வில்லியம் ரீட் 1931இல் வெளியிட்ட லூசியானா பிரெஞ்சு பற்றிய நூல் இத்தகைய சொற்களை ஆராய்ந்த முன்னோடி நூல். எதிர்த்திசையிலும் இது நிகழ்ந்துள்ளது. 'சீபாப்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சிற்றிறாலின் பெயர், ஆறு மீசை எனப் பொருள்படும் 'சீ பார்ப்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் திரிபு என்பர்.

ஒலியிலும் இலக்கணத்திலும் லஃபூர்ஷ் வழக்கு தனித்தது. பொதுப் பிரெஞ்சில் 'ஜ' என்னும் உரசொலி வரும் இடத்தில் இங்கு 'ஹ' ஒலிப்பதுண்டு. 'ஜமே' என்பது 'ஹமே' ஆகும். மேற்குப் பிரான்சின் சில வட்டாரங்களிலும் இதனையொத்த மாற்றம் காணப்படுவது குடியேறியோரின் பூர்விகம் பற்றிய ஆய்வுக்குத் துணைசெய்கிறது. பொதுப் பிரெஞ்சில் 'யார்' என வினவும் 'கி' இங்கு 'என்ன' என்னும் பொருளிலும் வரும். இவ்வேறுபாட்டை அறியாத மொழிபெயர்ப்பாளர் 'உனக்கு என்ன வேண்டும்' என்னும் வினாவை 'உனக்கு யார் வேண்டும்' எனப் பெயர்த்துவிட வாய்ப்புண்டு.

இனி, இம்மொழி தளர்ந்த வரலாறு. 1916இல் லூசியானாவில் பள்ளிக்கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கியது. பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடிக்கப்பட்டதும், மண்டியிட வைக்கப்பட்டதும், 'இனிப் பிரெஞ்சு பேசமாட்டேன்' என்று நூறுமுறை எழுத வைக்கப்பட்டதும் அத்தலைமுறையினரின் வாய்மொழிப் பதிவுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவமானம் உண்மை, அதன் வடு ஆழமானது. ஆனால் 1921க்குப் பின் பள்ளி சென்ற பிள்ளைகள் பிரெஞ்சை மறக்கவில்லை. பள்ளியை விட்டதும் படகேறினர். அங்கே பேச்சு பிரெஞ்சில்தான். இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சென்ற லூசியானா வீரர்கள் பலர் படைக்கு மொழிபெயர்ப்பாளராகப் பயன்பட்டனர். பள்ளியில் தண்டனை பெற்றுத்தந்த மொழி போர்க்களத்தில் மதிப்புப் பெற்றது. பள்ளி செய்தது வேறொன்று: அப்பிள்ளைகள் பெற்றோரானபோது தம் மக்களிடம் எம்மொழியில் பேசவேண்டும் என்பதில் ஐயத்தை விதைத்தது. அந்த ஐயத்தை முடிவாக மாற்றியது எண்ணெய்.

1931இல் லீவிலில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. அப்பத்தாண்டு முடிவதற்குள் கோல்டன் மெடோவிலும் வீட்டுக் கொல்லைகளில் துளைக்கோபுரங்கள் நின்றன. டெக்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரை ஊரார் 'மொதி தெக்சியேன்', பாழாய்ப்போன டெக்சஸ்காரர், என்று ஏசினர். மேலாளர் பேசியது ஆங்கிலம், சம்பளச் சீட்டு ஆங்கிலத்தில், வேலை உயர்வு ஆங்கிலத்தைப் பொறுத்தது. துளைப்பணி கடலுக்குள் நகர்ந்தபோது, ஆழமற்ற அந்நீர்ப்பரப்பின் வழிகளைக் கைரேகையைப் போல் அறிந்திருந்த இறால் மீனவரே நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டனர். அவர்கள் படகுகளை வாடகைக்கு விட்டனர். சிலர் படகு நிறுவனங்களையே தொடங்கினர். இது வெறும் பறிப்பு அன்று. வறுமையிலிருந்து வெளியேறும் வாய்ப்பை மக்கள் விரும்பியே ஏற்றனர். ஆனால் மேடைக்கும் படகுக்கும் இடையே வானொலியில் சென்ற பேச்சு ஆங்கிலம். படகு அதே படகாக இருக்க, அதன் மொழி மாறியது. 1940களிலும் 1950களிலும் பிறந்த பிள்ளைகளிடம் பெற்றோர் ஆங்கிலம் பேசத் தொடங்கியதைப் பள்ளிச்சட்டத்தைவிட இம்மாற்றத்தோடு இணைத்துக் காண்பதே பொருத்தம். சட்டம் 1921இல் வந்தது. வீட்டுமொழி மாறியது ஒரு தலைமுறைக்குப் பின்னரே.

இதற்கு எதிர்நிலைச் சான்றாக அமைபவர்கள் ஹூமா மக்கள். நிறவேற்றுமை நிலவிய அக்காலத்தில் வெள்ளையர் பள்ளிகளில் இவர்களுடைய பிள்ளைகளுக்கு இடமில்லை. கோல்டன் மெடோவுக்கு அருகில் இவர்களுக்கென இருந்த பள்ளி கீழ்வகுப்புகளோடு நின்றது. பொது உயர்நிலைப் பள்ளிகள் இவர்களுக்குத் திறந்தது 1960களில்தான். எண்ணெய் நிறுவனங்களின் நல்ல வேலைகளும் எட்டவில்லை. மீன்பிடிப்பு, கண்ணிவைத்து நீரெலி பிடித்தல் ஆகியவற்றிலேயே இருத்தப்பட்டனர். கெவின் ராட்டெட் 2001இல் வெளியிட்ட லூசியானாக் கடலோரச் சதுப்பு நில மொழிமாற்றம் பற்றிய நூல், தொல்குடியினரிடையே பிரெஞ்சு அகேடிய வழியினரைவிடப் பிந்தியே தளர்ந்ததைக் காட்டுகிறது. பள்ளியும் வேலையும் ஒருசேர மறுக்கப்பட்ட இடத்தில் மொழி நீடித்தது. மொழிப்பேணல் என்று இதனைப் பாராட்டுவதற்குமுன் அதற்கு அம்மக்கள் கொடுத்த விலையை எண்ண வேண்டும். ஐக்கிய ஹூமா நாடு என்னும் இவர்களுடைய அமைப்பு மாநில ஏற்பு பெற்றது. கூட்டரசின் ஏற்புக்கான விண்ணப்பத்துக்கு 1994இல் கிடைத்த முதற்கட்ட முடிவு பாதகமானது.

1968இல் லூசியானாவில் பிரெஞ்சை வளர்க்க அரசு மன்றம் ஒன்றை நிறுவியது. பிரான்சு, பெல்ஜியம், கியூபெக் ஆகியவற்றிலிருந்து ஆசிரியர்கள் வந்தனர். பாடநூற் பிரெஞ்சில் இறாலுக்குச் சொல் 'க்ரெவெத்'; பாயூவில் பிள்ளைகளின் பாட்டன்மார் சொன்னது 'ஷெவ்ரெத்'. பின்னது பிழை என்னும் எண்ணம் எளிதில் எழும். சொற்பிறப்பு வேறுவிதமாகக் கூறுகிறது. துள்ளும் இயல்பால் இறாலை ஆட்டுக்குட்டியோடு ஒப்பிட்டு எழுந்த பெயர் 'ஷெவ்ரெத்'. 'க்ரெவெத்' என்பது அச்சொல்லின் நார்மண்டி, பிக்கார்டி வட்டார வடிவமே. அவ்வட்டார வடிவம் பிரான்சின் பொதுமொழியாக, பழைய வடிவம் கடல்கடந்து லூசியானாவில் தங்கியது. அகராதியியலார் இக்குறையை ஈடுசெய்ய முனைந்தனர். ஆல்பர்ட் வால்ட்மன் தலைமையில் உருவான லூசியானா பிரெஞ்சு அகராதி அகேடிய, கிரியோல், தொல்குடி வழக்குகளைச் சேர்த்தே பதிந்துள்ளது. ஆனால் அது அச்சேறியபோது பேசுவோரில் பெரும்பாலோர் முதியோர்.

மொழியோடு நிலமும் குறைந்தது. 1904இல் டொனால்ட்சன்வில்லில் பாயூவின் தலைவாய் அணையிட்டு அடைக்கப்பட்டதால் வண்டலும் நன்னீரும் நின்றன. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே உவர்நீர் சதுப்புக்குள் ஏறியது. 1932 முதல் 2016 வரை லூசியானாக் கடலோரம் இழந்த நிலம் ஏறத்தாழ 5,200 சதுர கி.மீ. லீவிலின் பழைய இடுகாட்டில் கல்லறைகள் நீரில் அமிழ்ந்தன. மிசிசிப்பியின் வாய்ப்பகுதியான பிளாக்கமின்ஸ் மாவட்டத்தில், குறிக்க இடமில்லாததால் 30க்கு மேற்பட்ட விரிகுடா, பாயூப் பெயர்கள் 2011க்குப் பின் கூட்டரசின் கடல்வரைபடங்களிலிருந்து நீக்கப்பட்டன.

தொழிலின் நிலையும் இத்தகையதே. அமெரிக்கச் சந்தையை வளர்ப்பு இறால் நிரப்பியது. அண்மை ஆண்டுகளில் அதனை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியா. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் இறாலுக்கு எதிராக 2005இல் விலைகுறைப்பு எதிர்ப்பு வரி ஆணை பிறந்ததில் லூசியானா மீனவரின் முறையீட்டுக்கும் பங்குண்டு. ஆந்திரக் கரையின் பண்ணைக்குளமும் பாயூ மீனவனின் பிள்ளை படகேறுவதா வேண்டாமா என்னும் முடிவும் இவ்வாறு இணைந்துள்ளன.

2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் மணிக்கு 240 கி.மீ. வேகக் காற்றோடு பாயூவின் கடல்வாயிலில், ஃபூர்ஷோன் துறைமுகத்தருகே, கரைகடந்தது. கோல்டன் மெடோவைச் சூழ்ந்த கரையணை வெள்ளத்தைத் தடுத்தது. காற்றைத் தடுக்க அணை இல்லை. வீடிழந்தோருள் ஒரு பகுதியினர் மீண்டும் 'மேலே' சென்றனர். அண்டைப் பாயூவான புவேன்தோஷியேனில் தொடக்கப்பள்ளி அவ்வாண்டு மூடப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக 2023இல் தொல்குடியினரும் அகேடிய வழியினரும் சேர்ந்து பெற்ற பிரெஞ்சு வழிப் பள்ளி சிறுபிள்ளை வகுப்புகளோடு தொடங்கியது. பாயூவின் பிரெஞ்சுக்கு வகுப்பறையில் இடமளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அப்பிள்ளைகள் அங்கே இறாலை 'ஷெவ்ரெத்' என்று சொல்லலாம்.